கேம்பிரிட்ஜில் கடைசி வாரம்

கேம்பிரிட்ஜ் நகரத்தில் "மே வாரம்" என்று ஒரு கொண்டாட்டம் உண்டு. அது நடப்பது ஜூன் மாதத்தில்! "இது என்ன விந்தை?" என்று கேட்டால், ஊர்க்காரர்கள் சிறிதும் வெட்கப்படாமல் பதில் சொல்வார்கள். முற்காலத்தில் பரீட்சைக்கு முன்னால், மே மாதத்திலேயேதான் அது நடந்து வந்ததாம். பிறகு, பரீட்சை முடிந்ததும் நிம்மதியாகக் கொண்டாடலாம் என்று ஜூன் மாதத்துக்குத் தள்ளிப் போட்டார்களாம். கொண்டாட்டத்தைத் தள்ளிப் போட்டார்களே தவிர, பெயரை மாற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. 1209-ம் வருஷத்திலிருந்து இருந்து வரும் சர்வகலாசாலை அல்லவா? அவ்வளவு எளிதில் அது எதையும் மாற்றிக் கொள்ளாது.

அந்த மே வாரமும் முடிந்துவிட்டது. கலாசாலைப் புல்வெளிகளில் அடித்திருந்த கூடாரங்களைப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். காம் நதியில் நீண்ட கழியை ஊன்றிப் படகு தள்ளும் இளைஞர்கள் மட்டும் ஓயவில்லை. அவர்கள் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிக் கொண்டு, பாலத்துக்குப் பாலம் ஒரு கதை சொல்லிக் கொண்டிருந்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி படுக்கையுடன் ரயிலடிக்குப் போய்க் கொண்டிருந்தார்கள். என்னுடைய அறையைக் காலி செய்வதற்கு இன்னும் ஐந்து நாள் பாக்கியிருந்தது.

நான் அங்கே படித்தது கணித சாஸ்திரம். "மூன்றாம் பாகம்" என்று பெயர் பெற்ற மேற்படிப்பு. அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிந்துவிடும். ஒன்பது மாதந்தான். ஆனால் அந்த ஒன்பது மாதத்துக்காக மாயவரத்தில் எங்கள் வீடு பாங்கியில் ஈடாக இருந்தது. என் தந்தை முப்பது வருஷம் தமிழ்ப் பண்டிதராக உத்தியோகம் பார்த்துச் சேர்த்ததெல்லாம் அந்த வீடுதான். "வீடு எங்கேயும் ஓடிப் போகாது, அம்மா! படிப்புக்குத்தான் வயசு உண்டு" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஊருக்குப் புறப்பட வேண்டிய அந்தக் கடைசி வாரத்தில் என் மேஜையின்மேல் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, லண்டனில் பணத்தைக் கொண்டே பணத்தைப் பெருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து வந்தது. அப்படிப்பட்ட கம்பெனிகளுக்குக் கணிதம் படித்தவர்கள் என்றால் வெல்லக்கட்டி மாதிரி. மற்றொன்று, எங்கள் காவேரிக் கரையில் உள்ள ஒரு கலாசாலையிலிருந்து வந்தது. அங்கே கணித ஆசிரியை வேலை காலியாக இருந்தது. லண்டன் சம்பளத்தில் வீட்டை மூன்று வருஷத்தில் மீட்டுவிடலாம். ஊர்ச் சம்பளத்தில் பதினான்கு வருஷம் ஆகும். கணக்குப் படித்தவளுக்கு இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிஷங்கூட ஆகவில்லை. விடை சரியாகத்தான் வந்தது. மனந்தான் சமாதானம் அடையவில்லை.

டெலிபோனில் அப்பாவுக்கு இரண்டு கடிதங்களையும் படித்துக் காட்டினேன்.

"நீ எது செய்தாலும் எங்களுக்குச் சம்மதந்தான், அம்மா. ஆனால் கடனுக்காக என்று மாத்திரம் எதுவும் செய்யாதே" என்றார்.

"கடன் இருக்கிறதே, அப்பா!"

"இருக்கட்டுமே. எந்தக் கடன் என்று பார்த்துக் கொள்" என்று சொல்லிவிட்டு, அங்கே மழை உண்டா, குளிர் விட்டதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

தமிழ்ப் பண்டிதர்களுடன் பேசுவதில் இது ஒரு சங்கடம். ஒரு சொல்லைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நம்முடைய பாஷையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் கடன். செய்ய வேண்டியதைச் செய்வதும் கடன். ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். தமிழில் ஒன்றே. அந்த ஒரு சொல்லை மனத்தில் போட்டுக் கொண்டு, அன்று சாயங்காலம் ஊரிடம் விடை பெற்றுக் கொள்வதற்காகப் புறப்பட்டேன்.

* * *

கேம்பிரிட்ஜில் விடை பெறுவது சுலபமான காரியம். முப்பத்தொரு கலாசாலைகள் இருந்தாலும், மிகப் பழமையும் பிரசித்தியும் வாய்ந்தவற்றில் பல ஒரே வீதியில் இருக்கின்றன. அந்த வீதிக்கு வடக்குக் கோடியில் செயிண்ட் ஜான்ஸ் தெரு என்று பெயர். சிறிது தூரம் நடந்தால் டிரினிடி தெரு. அப்புறம் கிங்ஸ் பரேடு. அதற்கும் தெற்கே டிரம்பிங்டன் தெரு. பெயர்தான் நாலு; வழி ஒன்றே. ஒரு மைலுக்கும் குறைவு. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் அஸ்தமிக்கிறபடியால், இராச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெயிலிலேயே நடக்கலாம்.

முதலில் செயிண்ட் ஜான்ஸ் கலாசாலை. 1511-ல் ஸ்தாபிக்கப்பட்டது. வாசல் கோபுரத்தில் கொம்பு முளைத்த விசித்திர மிருகங்களைச் செதுக்கி, வர்ணமும் பொன்னும் பூசி வைத்திருக்கிறார்கள். நம்மூர்க் கோயில் யாளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை அந்நியமாகத் தோன்றவில்லை.

இந்த வாசலில் நுழைந்து படித்தவர் ரகுநாத் புருஷோத்தம் பராஞ்சபே. அந்த நாளில் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதலாவதாகத் தேறுகிறவருக்கு "ஸீனியர் ராங்க்லர்" என்று பட்டம். அதற்கு இங்கிலாந்து முழுவதும் இருந்த மதிப்பு இவ்வளவு அவ்வளவு அல்ல. 1899-ல் அந்த ஸ்தானத்தை, மற்றொருவருடன் சமமாக, பராஞ்சபே அடைந்தார். இந்தியர்களில் அதை அடைந்த முதல் மனிதர் அவர்தான். "ஆளப் பிறந்தவர்கள் நாங்கள், கிளார்க்கு வேலைக்குப் பிறந்தவர்கள் நீங்கள்" என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது ஒரு நல்ல பாடமாக இருந்திருக்கும்.

ஆனால் எனக்கு முக்கியமாகத் தோன்றியது அவர் முதலாவதாக வந்ததல்ல. அதற்குப் பிறகு செய்தது. புனாவுக்குத் திரும்பிப் போய், சுயநலம் பாராத ஆசிரியர்கள் சொற்ப ஊதியத்தில் நடத்தி வந்த பெர்க்குஸன் கலாசாலையில் சேர்ந்தார். 1902-ல் அதன் தலைமை ஆசிரியரானார். இங்கிலாந்தின் முதல் கணித மாணவர், நம் நாட்டுப் பையன்களுக்குக் கரும்பலகையில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

* * *

அடுத்தாற் போல் டிரினிடி. எட்டாவது ஹென்றி மன்னன் 1546-ல் ஸ்தாபித்த கலாசாலை. பெரிய வாசலின்மேல் அவன் சிலை நிற்கிறது. வலக் கையில் செங்கோல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்காலிக் கால் இருக்கிறது! எந்தக் காலத்திலோ ஒரு குறும்புக்காரன் செங்கோலை எடுத்துவிட்டு அதைச் செருகினானாம். நாற்காலிக் காலே நிலைத்துவிட்டது. வாசலுக்கு அருகில் ஓர் ஆப்பிள் மரம். நியூட்டனுடைய ஊரிலிருந்த மரத்தின் வம்சம் என்று சொல்கிறார்கள்.

வீதிக்கு இந்தப் பக்கம், டிரினிடி வாசலுக்கு எதிரே, ஹ்யூவல் முற்றம் என்ற கட்டிடம் இருக்கிறது. கருங்கல்லைப் போல் இறுகிய முகமுள்ள கட்டிடம். நம் கும்பகோணத்து ஸ்ரீநிவாஸ ராமானுஜன் இங்கே குடியிருந்தார்.

ராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். நான்கே மாதத்தில் முதல் உலக யுத்தம் ஆரம்பமாயிற்று. மாமிசம் தொடாத மனிதர். தாமே சமைத்துச் சாப்பிட்டார். குளிர் பொறுக்கவில்லை. அப்போது கிங்ஸ் கலாசாலையில் படித்துக் கொண்டிருந்த பிரசாந்த சந்திர மஹலநோபிஸ் ஒரு நாள் அவரைப் பார்க்க வந்தார். ராத்திரி குளிரில் தூக்கம் வருவதில்லை என்று ராமானுஜன் சொல்ல, மஹலநோபிஸ் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் மெத்தையைச் சுற்றிப் பத்திரமாகச் செருகியபடியே இருந்தன. அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலே படுத்துக் கொண்டு நடுங்கியிருக்கிறார்! கணித உலகம் முழுவதும் வியந்த மூளைக்குக் கம்பளியின் சூட்சுமத்தை ஒருவர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றுவிடுகிறது. முதல் மாதத்தில் நானும் அந்த ஊர்க் குளிரை அறிந்தவள். எனக்கு மின்சாரக் கணப்பு இருந்தது. வீட்டாருடன் பேச டெலிபோன் இருந்தது. கடைத் தெருவில் துவரம் பருப்பும் கிடைத்தது. அவருக்கு இவற்றில் எது இருந்தது?

ராமானுஜனுடைய சீமை வாசத்தின் கடைசி நாட்கள் கேம்பிரிட்ஜில் கழியவில்லை. நோய் முற்றி, லண்டனில் ஒரு வைத்திய விடுதியில் இருந்தார். அதற்குள் ராயல் சொஸைட்டியில் அங்கத்தினர் பதவியும், டிரினிடியில் பெல்லோ பதவியும் 1918-ல் கிடைத்திருந்தன. சென்னைச் சர்வகலாசாலையும், அவர் ஊர் திரும்பிய பிறகு வருஷத்துக்கு இருநூற்றைம்பது பவுன் கொடுப்பதாகத் தீர்மானித்தது. ஆறு வருஷத்துக்கு முன், 1913-ல், ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில், "வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா" என்ற பொருளில் தம்மை அறிமுகப்படுத்திக் கொண்டவர் அவர்.

அந்த மனிதர் 1919 ஜனவரியில், நோய்ப் படுக்கையிலிருந்து சென்னைச் சர்வகலாசாலைக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன எழுதினார்? தமக்குச் சேரப் போகும் தொகை தம்முடைய தேவைக்கு மிகவும் அதிகம் என்றார். வருஷத்துக்கு ஐம்பது பவுன் தம் பெற்றோருக்குக் கொடுக்க வேண்டும். தம்முடைய அவசியச் செலவுக்குப் போக மிச்சத்தை, ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோருடைய பள்ளிச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பள்ளிக்கூடங்களில் புத்தகம் வாங்கி வைப்பதற்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக் கொண்டார்.

அவர் பட்ட கடன் என்ன? பாங்கியில் ஒரு காசு கடன் இல்லை. ஆயினும் யாருக்கோ எதையோ திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நினைவு நோயிலும் அவரை விடவில்லை.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது முப்பத்திரண்டு. இடையில் இருந்த ஒரு வருஷத்திலே, வலியோடு வலியாக, நூறு பக்கங்களுக்கு மேல் கணித முடிவுகளை எழுதி வைத்திருந்தார். அந்தத் தாள்கள் அவர் மறைவுக்குப் பிறகு ஹார்டியிடம் போய், பிற்பாடு வாட்ஸன் என்ற கணித நிபுணரின் காகிதக் கட்டுகளுக்குள் அகப்பட்டுக் கொண்டன. வாட்ஸன் 1965-ல் இறந்தார். கட்டுகள் டிரினிடியின் ரென் நூலகத்துக்கு வந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் அங்கே ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தபோது, அந்தக் கையெழுத்தைக் கண்டு திடுக்கிட்டார். "காணாமற் போன நோட்டுப் புத்தகம்" என்று உலகம் இன்று அதைச் சொல்கிறது. அதிலுள்ளவற்றை நிரூபித்து விளக்குவதற்கு ஆண்ட்ரூஸும் பெர்ண்ட் என்பவரும் ஐந்து பெரிய புத்தகங்கள் எழுத வேண்டியிருந்தது. கடைசிப் புத்தகம் 2018-ல் வெளிவந்தது.

முந்திய நாள் பகலில் நான் அந்த நூலகத்துக்குப் போயிருந்தேன். 1695-ல் கட்டி முடித்த நீண்ட மண்டபம். இரு புறமும் உயர்ந்த ஜன்னல்கள். கறுப்பும் வெளுப்புமாய்ச் சலவைக்கல் தரை. நியூட்டன் தம் கையால் திருத்தங்கள் எழுதிய அவருடைய சொந்தப் புத்தகம் அங்கே இருக்கிறது. கூட்டம் அதைப் பார்க்கத்தான் வருகிறது. நான் மட்டும் ஒன்றையும் பார்க்காமல் சிறிது நேரம் சும்மா நின்றேன். கேம்பிரிட்ஜ் ராமானுஜனுக்குக் கல்வி கொடுத்தது என்று சொல்கிறோம். ஆனால் இந்த மண்டபத்தில் அவர் பெயரால் இருக்கும் பொக்கிஷம் கேம்பிரிட்ஜில் எழுதியதல்ல. படிப்பு முடிந்து, கப்பலேறி, ஊருக்குத் திரும்பி வந்த பிறகு, தமிழ் நாட்டில் எழுதியது. சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போனது!

வாங்கிய கடனை வட்டியுடன் தீர்ப்பது என்றால் இதுதான் என்று தோன்றியது.

* * *

டிரினிடியைத் தாண்டி, பட்டமளிப்பு நடைபெறும் செனட் மாளிகையையும் தாண்டினால், கிங்ஸ் கலாசாலையின் தேவாலயம். ஆறாவது ஹென்றி 1446-ல் ஆரம்பித்தான். கட்டட வேலை முடிய 1515 ஆயிற்று. உள்ளே அண்ணாந்து பார்த்தால், கல்லிலே விசிறி விசிறியாக விரித்திருக்கிறார்கள். எந்தத் தூணும் நடுவில் வந்து மறைப்பதில்லை. சாயங்காலப் பிரார்த்தனையில் சிறுவர்கள் பாடும்போது, அந்தக் குரல் கூரைக்குப் போய்த் திரும்பி வரச் சிறிது நேரமாகிறது.

மஹலநோபிஸைக் கேம்பிரிட்ஜில் நிறுத்தியது இந்தத் தேவாலயந்தான். 1913-ல் லண்டனில் படிப்பதற்காக வந்தவர், ஒரு நாள் இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தார். தேவாலயத்தைப் பார்த்துப் பிரமித்து நின்றதில் கடைசி ரயில் போய்விட்டது. ஒரு சிநேகிதருடன் இரவு தங்கினார். "அவ்வளவு பிடித்திருந்தால் இங்கேயே சேர்ந்துவிடேன்" என்றார் சிநேகிதர். சேர்ந்துவிட்டார்!

அவருடைய கடைசி நாட்கள் இன்னும் ருசிகரமானவை. 1915-ல் படிப்பு முடிந்து ஊருக்குப் புறப்படும் சமயம், யுத்தத்தினால் பிரயாணம் தாமதப்பட்டது. வேறு வேலை இல்லாமல் கிங்ஸ் நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆசிரியர், புள்ளி விவர சாஸ்திரம் சம்பந்தமான ஒரு பத்திரிகையின் தொகுதிகளைச் சுட்டிக் காட்டினார். மஹலநோபிஸுக்கு அதில் மனம் பற்றிவிட்டது. தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கி, கப்பலில் படித்துக் கொண்டே கல்கத்தா வந்து சேர்ந்தார். 1931-ல் அவர் ஸ்தாபித்த இந்தியப் புள்ளியியல் நிலையம் அந்த விதையிலிருந்து முளைத்த மரம். சுதந்திர இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் அவருடைய கணக்கே அடிப்படையாயிற்று. பாட திட்டத்தில் இருந்த படிப்பு அவருக்குப் பட்டம் கொடுத்தது. பெட்டியில் வைத்துக் கொண்டு வந்த புத்தகங்களோ தேசத்துக்குப் பயன்பட்டன. நானும் என் பெட்டியைப் பற்றி யோசித்துக் கொண்டேன். வரும்போது அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியும் வற்றலும் இருந்த இடத்தில் இப்போது புத்தகங்கள் இருந்தன.

* * *

தெற்கே செல்லச் செல்லக் கூட்டம் குறைந்தது. டிரம்பிங்டன் தெருவின் இரு ஓரத்திலும் சிறு வாய்க்காலில் தெளிந்த நீர் ஓடுகிறது. ஊருக்கு வெளியே உள்ள ஊற்றுகளிலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டு வருவதற்காக நானூறு வருஷத்துக்கு முன் செய்த ஏற்பாடு. வாய்க்கால் என்றதும் எனக்குக் காவேரிக் கரை நினைவு வந்துவிட்டது.

அங்கே, பிட்ஸ்வில்லியம் பொருட்காட்சி சாலைக்கு எதிரில், முன்னாளில் பிட்ஸ்வில்லியம் மாணவர் விடுதி இருந்த பழைய வீடு நிற்கிறது. பெரிய கலாசாலைகளில் சேர்வதற்குப் பண வசதி இல்லாத மாணவர்களுக்காக 1869-ல் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. பின்னால் வேறு இடத்துக்குப் போய், 1966-ல் அதுவும் ஒரு முழுக் கலாசாலை ஆயிற்று. 1919-ல் இங்கே வந்து சேர்ந்தவர் சுபாஷ் சந்திர போஸ்.

அவருடைய கடைசி நாட்களின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐ.ஸி.எஸ். பரீட்சையில் 1920-ல் நாலாவதாகத் தேறினார். பணமும் பதவியும் ஆயுள் முழுவதும் காத்திருந்தன. ஜாலியன்வாலாபாக் ரத்தம் உலர்ந்து அதிக நாள் ஆகவில்லை. தமையனார் சரத் சந்திரருக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதித் தம் மனப் போராட்டத்தைத் தெரிவித்தார். கடைசியில் 1921 ஏப்ரல் 22-ந் தேதி, கேம்பிரிட்ஜிலிருந்து இந்தியா மந்திரிக்கு ராஜிநாமாக் கடிதம் அனுப்பினார்.

எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கதையில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. அதுவரையில் தாம் நூறு பவுன் உபகாரச் சம்பளம் பெற்றிருப்பதாகவும், ராஜிநாமா ஒப்புக் கொள்ளப்பட்டதும் அந்தத் தொகையைத் திருப்பிச் செலுத்திவிடுவதாகவும் அதே கடிதத்தில் எழுதினார். யாருடைய ஆட்சியை எதிர்க்கப் புறப்பட்டாரோ, அவர்களுக்குக்கூட ஒரு பவுன் பாக்கி வைக்க அவருக்குச் சம்மதமில்லை! ஜூலை 16-ந் தேதி பம்பாயில் இறங்கி, அன்றைக்கே மகாத்மாவைப் போய்ப் பார்த்தார். அந்நியக் கடனைத் தீர்த்துக் கொண்டது பெரிய கடனில் இறங்குவதற்காக.

எதிர் வரிசையில் பொருட்காட்சி சாலைப் படிகளின் பக்கத்தில் கற்சிங்கங்கள் படுத்திருக்கின்றன. அங்கே சிறிது நேரம் நின்றேன்.

இவர்களோடு என்னை ஒப்பிட்டுக் கொள்ளும் அசட்டுத்தனம் எனக்கு இல்லை. ஊர் திரும்பினவர்கள்தான் உத்தமர்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. 1930-ல் பத்தொன்பது வயதில் பம்பாயிலிருந்து கப்பலேறி டிரினிடிக்கு வந்த சுப்ரமண்யன் சந்திரசேகர், பின்னர் அமெரிக்காவில் சிகாகோவிலேயே தங்கிவிட்டார். நட்சத்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் தம் கடனைச் செலுத்தவில்லை என்று யார் சொல்ல முடியும்? அறிவுக்குப் பட்ட கடனை எங்கேயிருந்தும் செலுத்தலாம். லண்டனில் தங்கிப் பெற்றோரின் வீட்டை மீட்கிற பெண்ணையும் ஒருவரும் குறை கூறிவிட முடியாது.

ஆனால் இவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கடன் எது என்று தாங்களே தெரிந்து கொண்டார்கள். பாங்கிக்காரன் சொல்லி அல்ல. என் கணக்கில் நான் செய்த பிழை அப்போதுதான் புலப்பட்டது. பாங்கிக் கடனை மாத்திரம் எழுதிக் கூட்டியிருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஆறு மணி வரையில் என்னை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியைக்கு நான் பட்ட கடனை எந்தப் பத்தியில் எழுதுவது? அவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒரே வழிதான் உண்டு. இன்னொரு குழந்தையைச் சாயங்காலம் ஆறு மணி வரையில் உட்கார வைக்க வேண்டும். அதை லண்டனிலிருந்து செய்ய முடியாது.

அறைக்குத் திரும்பி, கம்பெனிக்கு வந்தனத்துடன் பதில் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

* * *

இரண்டு நாள் கழித்துப் பட்டமளிப்பு. செனட் மாளிகை 1730-ல் திறக்கப்பட்ட வெள்ளைக் கட்டிடம். முதலில் கிங்ஸ், பிறகு டிரினிடி, பிறகு செயிண்ட் ஜான்ஸ், அதற்கப்பால் மற்றக் கலாசாலைகள் ஸ்தாபிதமான வருஷ வரிசைப்படி அழைக்கிறார்கள். கறுப்பு அங்கி தரித்து நாலு நாலு பேராகப் போனோம். எங்கள் கலாசாலையின் பிரதிநிதி வலக் கையை நீட்ட, ஆளுக்கு ஒரு விரலைப் பிடித்துக் கொண்டோம். கல்யாணத்தில் பாணிக்கிரகணம் போல இருந்தது. இங்கே ஒரு கையை நாலு பேர் பங்கு போட்டுக் கொண்டோம். பிறகு ஒவ்வொருவராக முன்னால் போய் மண்டியிட்டுக் கை கூப்ப, சர்வகலாசாலைத் தலைவர் அந்தக் கைகளைத் தம் கைகளுக்கு நடுவில் வைத்து லத்தீன் மொழியில் சில வார்த்தைகள் சொன்னார். எழுந்து வணங்கிப் பக்க வாசலால் வெளியே வந்தேன். ஒரு நிமிஷம் இருக்குமோ, என்னவோ?

அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பெண்கள் காத்திருந்த காலத்தை நினைத்தேன். 1890-ல் பிலிப்பா பாஸெட் என்ற பெண் கணிதப் பரீட்சையில் ஸீனியர் ராங்க்லருக்கும் மேலாக மார்க்கு வாங்கினாள். "ஸீனியர் ராங்க்லருக்கு மேல்" என்று இந்த மாளிகையிலே வாசித்தார்கள். பட்டம் மட்டும் கொடுக்கவில்லை. 1897-ல் பெண்களுக்குப் பட்டம் அளிக்கலாமா என்ற பிரச்னை வோட்டுக்கு வந்தபோது, வாசலுக்கு எதிரே சைக்கிளில் ஏறிய பெண் பொம்மை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுப் பரிகசித்தார்கள். பிரேரணை படுதோல்வி அடைந்தது. ஆடவருக்குச் சமமான முழு உரிமை பெண்களுக்குக் கிடைத்தது 1948-ல்! நம் தேசம் சுதந்திரம் பெற்றதற்கு அடுத்த வருஷம். நமக்கு நாகரிகம் கற்பிக்க வந்ததாகச் சொல்லிக் கொண்டவர்களின் சர்வகலாசாலை, தன் சொந்தப் பெண்களுக்கு நியாயம் செய்வதற்கு நம்முடைய விடுதலையைக் காட்டிலும் அதிக நாள் எடுத்துக் கொண்டது.

ஒன்று சொல்ல வேண்டும். 1998-ல், அந்தப் பழைய நாளில் படித்துப் பட்டம் பெறாமற் போன பெண்மணிகளை அழைத்து, இதே செனட் மாளிகையில் சர்வகலாசாலை மரியாதை செய்தது. வெள்ளை முடியும் ஊன்றுகோலுமாக நூற்றுக்கணக்கான கிழவிகள் வந்தார்களாம். ஐம்பது வருஷம் கழித்தாவது கடன் என்று ஒப்புக் கொண்டார்களே, அதுவும் ஒரு பெருமைதான்.

மறுநாள் காலை அறைச் சாவியைக் காவலாளியிடம் ஒப்படைத்தேன். அவர் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக் கொண்டு, "பாக்கி ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்றார். ரயிலடியிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். வீட்டை மீட்கப் பதினான்கு வருஷம் ஆகும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன்.

சிறிது நேரம் மௌனம். பிறகு, "பதினான்கு வருஷந்தானே, அம்மா? அதற்கு நம் தேசத்தில் முன்னுதாரணம் இருக்கிறது. ராமர் அத்தனை வருஷம் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போனார். நீ வீட்டுக்குத்தானே வருகிறாய்!" என்றார்.

அவர் குரல் சற்றுத் தழுதழுத்தது. பக்கத்திலிருந்த அம்மா டெலிபோனை வாங்கிக் கொண்டாள். பருப்புப் பொடி டப்பாவைத் தூர எறிந்துவிடாமல் பத்திரமாகக் கொண்டு வரும்படி சொன்னாள்.